வாங்கியவர் பெயரோடு வழங்கியவர் பெயரும் வேண்டும்

கொரோனா ஊரடங்கு ஐந்தாவது மாதத்தை எட்டியிருந்த 2020 ஆகஸ்டில், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் பிரதமரின் கிசான் சம்மான் நிதித் (பி.எம். கிசான்) திட்டத்தில் புதிதாகச் சேர்ந்த விவசாயிகளின் எண்ணிக்கை நம்ப முடியாத அளவுக்கு ஏறியிருப்பது தெரியவந்தது. தோண்டத் தோண்ட அது மற்ற மாவட்டங்களுக்கும் நீண்டது. செப்டம்பர் 8 அன்று அப்போதைய வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி செய்தியாளர்களிடம் கணக்கைச் சொன்னார். 13 மாவட்டங்களில் தகுதியில்லாத 5.5 லட்சம் பேரின் வங்கிக் கணக்குகளுக்குச் சுமார் 110 கோடி ரூபாய் போயிருக்கிறது. 80 ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டிருக்கிறார்கள். 34 அலுவலர்கள் மீது பணியிடை நீக்கம் வரை நடவடிக்கை. இடைத்தரகர்கள் 18 பேர் கைது. 32 கோடி ரூபாய் மீட்பு. வழக்கு சிபிசிஐடி கைக்குப் போனது.

அந்த 110 கோடியை 5.5 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஆளுக்கு 2,000 ரூபாய். ஒரே ஒரு தவணை. அதிலும் தரகர் பங்கு போக மிச்சம்தான் அவர்கள் கைக்கு வந்தது. பத்திரிகைகள் அவர்களைப் ‘போலி விவசாயிகள்’ என்று எழுதின. அந்தச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது. விசாரணையில் தெரியவந்த கதை வேறு. ஊருக்குள் வந்த தரகர்கள், கொரோனாவுக்காக அரசு கணக்கில் பணம் போடுகிறது என்று சொல்லி ஆதார் அட்டை, வங்கி பாஸ்புக் ஜெராக்ஸ்களை வாங்கிப் போயிருக்கிறார்கள். கொடுத்தவர்களில் ஏராளமானோர் கூலி வேலை செய்பவர்கள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள். தங்களை விவசாயி என்று யாரோ எங்கோ ஒரு கணினியில் பதிவு செய்கிறார்கள் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. அரசு நிவாரணம் தருகிறது என்றார்கள், நம்பினார்கள். மோசடி அம்பலமானதும் அவர்கள் கணக்கிலிருந்துதான் பணம் திரும்ப எடுக்கப்பட்டது.

அந்த மாதங்களில் அந்த மாவட்டங்கள் எப்படி இருந்தன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2020 மே தொடக்கத்தில் சென்னை கோயம்பேடு சந்தை தொற்றுப் பரவலால் மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கியவர்களும் சில்லறைக் கடை வைத்திருந்தவர்களும் விழுப்புரம், கடலூர் பக்கத்துச் சொந்த ஊர்களுக்குத் திரும்பினார்கள். வேலையும் போய், நோயைக் கொண்டுவந்தவர்கள் என்ற பழியும் சேர்ந்த நேரம் அது. காய்கறி பயிரிட்டவர்களுக்கோ அறுத்ததை ஏற்றி அனுப்ப இடமில்லை. அப்படிப்பட்ட ஊரில் ‘கொரோனா பணம்’ என்று ஒருவர் வந்து சொன்னால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

சந்தேகப்படாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பணத்தைக் கொரோனா நிவாரணம் என்று முதலில் அழைத்தவர்கள் தரகர்கள் இல்லை. 2020 மார்ச் 26 அன்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய் மதிப்பிலான ஏழைகள் நலத் தொகுப்பை அறிவித்தபோது, அதில் விவசாயிகளுக்கென்று சொல்லப்பட்டது இதுதான்: 8.69 கோடி விவசாயிகளுக்கு ஏப்ரல் முதல் வாரத்திலேயே 2,000 ரூபாய். உண்மையில் அது புதுப் பணம் கிடையாது. 2019 பிப்ரவரியில் தொடங்கிய திட்டப்படி ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வந்தே தீர வேண்டியது. அந்த நிதியாண்டின் முதல் தவணையைச் சற்று முன்னால் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் நிவாரணத் தொகுப்பின் பட்டியலில் அது இடம்பெற்றது. நிலம் உள்ளவருக்கு ஆண்டுதோறும் தரும் உதவித்தொகைக்குப் பெருந்தொற்று நிவாரணம் என்ற பெயர் சேர்ந்துகொண்டது. இந்தக் குழப்பத்தில்தான் தரகர்கள் கால் வைத்தார்கள்.

திட்டத்தின் விதியோ நிலப்பட்டாவைச் சுற்றியே கட்டப்பட்டது. 2019 பிப்ரவரி 1 நிலவரப்படி யார் பெயரில் சாகுபடி நிலம் இருக்கிறதோ அவர் குடும்பத்துக்கு மட்டும் பணம். முதலில் 2 ஹெக்டேர் வரை என்ற வரம்பு இருந்தது; அதே ஆண்டு ஜூனில் அதையும் எடுத்துவிட்டார்கள். வருமான வரி கட்டுபவர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர், அரசுப் பதவியில் இருப்பவர் போன்றோர் விலக்கப்பட்டார்கள். குத்தகைக்கு உழுபவருக்கு இடமில்லை. வாரத்துக்குப் பயிரிடுபவருக்கு இடமில்லை. காவிரிப் படுகையில் கோயில் நிலத்தையும் மட நிலத்தையும் தலைமுறை தலைமுறையாகக் குத்தகை எடுத்துச் சாகுபடி செய்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பட்டா கோயில் பெயரில் இருப்பதால் அவர்கள் விவசாயி ஆக மாட்டார்கள். நாற்று நடுகிற, களை எடுக்கிற, கரும்பு வெட்டுகிற கூலித் தொழிலாளிக்கு இந்தத் திட்டத்தில் பேச்சே இல்லை. ஊரடங்கில் முதலில் வருமானம் இழந்தவர் அவர்தான். நிவாரணம் தேவைப்பட்டவரைத் திட்டம் வெளியே நிறுத்தியது. தரகர் அவரைப் பின்வாசல் வழியாக உள்ளே அழைத்துப் போனார். அரசு அவரைத் தகுதியில்லாதவர் என்று முத்திரை குத்தி வெளியே அனுப்பியது. இந்த மூன்றிலும் அவருடைய குரல் எங்கேயும் கேட்கவில்லை.

மோசடி நடந்த விதம் ஒன்றும் மர்மமில்லை. ஆரம்பத்தில் பெயர் சேர வேண்டுமானால் கிராம நிர்வாக அலுவலரிடம் பட்டா, சிட்டா விவரம் சரிபார்க்கப்பட வேண்டும்; வருவாய்த் துறை உறுதி செய்த பிறகே வேளாண் துறை ஏற்றும். பிறகு, விடுபட்டவர்கள் தாங்களே இணையத்தில் பதிவு செய்துகொள்ளும் வசதி வந்தது. நோக்கம் நல்லதுதான். ஊரடங்கில் அலுவலகத்துக்கு வர முடியாதவருக்கு அது பெரிய உதவி. ஆனால் அப்படி வரும் விண்ணப்பத்தை வட்டார அளவில் ஒப்புதல் தருபவர் தன் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டு உள்ளே நுழைந்து சொடுக்க வேண்டும். அந்த பாஸ்வேர்டு அலுவலகத்தில் இருந்த ஒப்பந்தப் பணியாளர்களிடம் இருந்தது. அவர்களிடமிருந்து தனியார் கம்ப்யூட்டர் சென்டர்களுக்குப் போனது. அங்கிருந்து தரகர்களுக்கு. பக்கத்து மாவட்டத்துக்காரர்கூட இந்த வட்டாரத்து விவசாயியாக ஆனார். அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, விவசாயிகளே பதிவு செய்யலாம் என்று மத்திய அரசு விதியைத் தளர்த்தியதே முறைகேட்டுக்கு வழிவிட்டது என்றார். தகுதியானவரை அடையாளம் காணும் பொறுப்பு மாநிலத்துடையது என்பது திட்டத்தின் விதி. இரண்டும் உண்மைதான். இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று சுட்டிக்காட்டிக்கொண்டிருக்க, தண்டனையின் பெரும்பங்கு ஒப்பந்தப் பணியாளர்களுக்கும், மீட்பின் சுமை கூலிக்காரர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

இங்கேதான் வெளிப்படைத்தன்மை பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பொதுவாக இந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவது பயனாளிகள் பட்டியல். யார் யார் வாங்கினார்கள் என்று வெளியிட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பி.எம். கிசானில் அந்தப் பட்டியல் இல்லாமல் இல்லை. திட்டத்தின் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், வட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் அந்த ஊரின் பயனாளிகள் பெயர் வரும். திட்டத்தின் செயல்பாட்டு நெறிமுறைகளே, தகுதியானோர் பட்டியலைக் கிராம அளவில் வெளியிட வேண்டும், விடுபட்டவர்கள் முறையிட வாய்ப்பு தர வேண்டும் என்று சொல்கின்றன. பயனாளிகளில் 5 சதவீதம் பேரை நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. ஏட்டில் எல்லாம் இருந்தது. அப்படியிருந்தும் 5.5 லட்சம் பெயர்கள் நுழைந்தன.

காரணத்தைத் தேடினால் ஊரடங்கு நேரத்தில் மூடப்பட்ட இன்னொரு கதவு கண்ணில் படுகிறது. 2020இல் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூட வேண்டிய கிராம சபைகள் தொற்றைக் காரணம் காட்டி நடத்தப்படவில்லை. அதாவது, ஊருக்குள் இதுவரை பார்த்திராத அளவுக்கு நிவாரணப் பணம் நுழைந்துகொண்டிருந்த மாதங்களில், அந்தப் பணத்தின் பட்டியலை உரக்கப் படித்துக் கேள்வி கேட்கச் சட்டப்படி உரிமை பெற்ற ஒரே மன்றம் பூட்டிக்கிடந்தது. கள்ளக்குறிச்சியிலும் விழுப்புரத்திலும் நிலைமை இன்னும் மோசம். தமிழ்நாட்டின் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தபோது, மாவட்டப் பிரிவினையைச் சாக்கிட்டு ஒன்பது மாவட்டங்கள் விடப்பட்டன. இவ்விரு மாவட்டங்களும் அந்த ஒன்பதில் அடக்கம். அங்கே தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். ஆக, மோசடி உச்சத்தில் இருந்த கோடையில் அந்த ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஏறத்தாழ நான்கு வருடங்களாக இல்லை, தனி அலுவலர்கள்தான். மோசடி நடந்த மற்ற சில மாவட்டங்களில் தலைவர்கள் இருந்தார்கள், ஆகவே இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மோசடி முதலில் வெடித்த மூன்று மாவட்டங்களில் இரண்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியே இல்லை என்ற உண்மையை விசாரணைச் செய்திகளில் யாரும் பெரிதாகப் பேசாமல் விட்டது சரியில்லை.

தெருவில் யாருக்கு எத்தனை ஏக்கர் என்பது ஊருக்குத் தெரியும். பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டிய பட்டியலில் பக்கத்துத் தெருக் கூலிக்காரர் பெயரும், யாரென்றே தெரியாத வெளியூர்ப் பெயர்கள் இருபதும் இருந்தால், அடுத்த நாள் காலை டீக்கடையிலேயே கேள்வி எழும். இணையத்தில் கிடக்கும் பட்டியலை யார் தேடிப் போய்ப் பார்ப்பார்கள்? ஆங்கிலத்தில், பல படிகள் கடந்து, ஒரு செல்பேசித் திரையில் தெரியும் நீண்ட அட்டவணையை ஊர்ப் பொதுவில் வைத்த பட்டியலாகக் கருதிக்கொள்ள முடியாது.

இதைவிட முக்கியமானது, எந்தப் பட்டியல் வெளியிடப்படவே இல்லை என்பது. வாங்கியவர் பெயர் வெளியே இருந்தது. ஒப்புதல் தந்தவர் விவரம் வெளியே இல்லை. எந்த வட்டாரத்து அலுவலரின் பயனர் பெயரிலிருந்து எந்த நாளில் எத்தனை பேருக்கு ஒப்புதல் போனது, எந்தக் கணினியிலிருந்து, அலுவலக நேரத்திலா நள்ளிரவிலா என்ற தகவல்கள் எல்லாம் அந்த மென்பொருளிலேயே தானாகப் பதிவாகும் தகவல்கள். வாரம் ஒருமுறை வட்டார வாரியாகப் புதுச் சேர்க்கை எண்ணிக்கையை மட்டும் வெளியிட்டிருந்தால் போதும். நினைத்துப் பாருங்கள்: 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் வைத்திருந்தவர்தான் தகுதியானவர் என்றால், அதற்குப் பிறகு புதிதாக விவசாயி உருவாக வழியே குறைவு. விடுபட்டவர்கள் கொஞ்சம் பேர் சேரலாம், அப்பா இறந்து மகன் பெயருக்கு நிலம் மாறியிருக்கலாம். ஒன்றரை வருடம் கழித்து ஒரே கோடையில் லட்சக்கணக்கில் புதிய விவசாயிகள் முளைக்க முடியாது. அந்த எண்ணைப் பார்த்த எந்த உள்ளூர் நிருபரும், எந்த விவசாயச் சங்கச் செயலாளரும் ஜூனிலேயே கேட்டிருப்பார். ஒரு ஏழையின் பெயரைக்கூட வெளியிடாமலேயே மோசடியைப் பிடித்திருக்கலாம். நம் அரசுகளின் வெளிப்படைத்தன்மை எப்போதும் கீழ்நோக்கியே பார்க்கிறது, அதாவது வாங்குபவரைக் காட்டுகிறது. மேல்நோக்கிப் பார்க்கும் வெளிப்படைத்தன்மைதான் பணத்தைக் காக்கும். என் வாதம் முழுவதும் இதுதான்.

நாடு முழுவதும் நடந்ததைத் தகவல் உரிமைச் சட்டம்தான் வெளியே கொண்டுவந்தது. காமன்வெல்த் மனித உரிமைகள் அமைப்பைச் சேர்ந்த வெங்கடேஷ் நாயக் கேட்ட கேள்விக்கு மத்திய வேளாண் அமைச்சகம் தந்த பதில் 2021 ஜனவரியில் செய்தியானது. 2020 ஜூலை வரை தகுதியில்லாத 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி ரூபாய் போயிருந்தது. அவர்களில் பாதிக்கு மேல், 55 சதவீதத்துக்கும் அதிகமானோர், வருமான வரி கட்டுபவர்கள். மாநில வரிசையில் முதலிடம் பஞ்சாபுக்கு. ஆறு மாதம் கழித்து, ஜூலையில் அன்றைய வேளாண் அமைச்சர் நரேந்திர சிங் தோமர் நாடாளுமன்றத்தில் தந்த கணக்கில் தகுதியில்லாதோர் எண்ணிக்கை 42 லட்சமாக ஆகியிருந்தது. மீட்க வேண்டிய தொகை 3,000 கோடியை நெருங்கியது. அதில் அசாம் 8.35 லட்சம் பேருடன் முன்னால் நின்றது. தமிழ்நாடு 7.22 லட்சம் பேருடன் இரண்டாம் இடம். தொகை சுமார் 340 கோடி.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வருமான வரி கட்டுபவர் யார் என்பது மத்திய அரசுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. அந்தத் தகவல் அதன் சொந்தத் துறையில் இருக்கிறது. ஆதாரும் பான் எண்ணும் கையில் இருந்தும், பணம் போகும் முன் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்காமல், போன பிறகு திருப்பிக் கேட்டார்கள். வரி கட்டும் வசதி உள்ளவரும், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணும் ‘தகுதியில்லாதோர்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் எண்ணப்பட்டார்கள். முன்னவர் தெரிந்தே வாங்கியிருக்க வாய்ப்பு உண்டு. பின்னவர் பெரும்பாலும் ஏமாற்றப்பட்டவர். மீட்பு நடவடிக்கையிலாவது இந்த வேறுபாட்டைக் காட்டியிருக்க வேண்டும். தரகரிடம் பங்கைக் கொடுத்துவிட்டு ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ கையில் வாங்கியவரிடம் முழு 2,000 ரூபாயையும் எடுப்பது எப்படி நியாயம்? மீதியை அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

வெளிநாட்டில் இதே காலத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்கலாம். அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட கொரோனா உணவு உதவித் திட்டத்தில் முதல் கட்டமாக விவசாயிகளுக்கு நேரடியாகத் தர ஒதுக்கியது மட்டுமே 1,600 கோடி டாலர். வழக்கமான மானியங்களையும் சேர்த்து அந்த ஆண்டு அரசிடமிருந்து விவசாயிகளுக்கு நேரடியாகப் போன தொகை 4,500 கோடி டாலரைத் தாண்டியது. அங்கே விவசாய மானியம் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கி, பெயரோடு தொகுத்து வெளியிடும் தன்னார்வ அமைப்புகள் பல வருடங்களாக இயங்குகின்றன. 2021 மார்ச்சில் அந்நாட்டு வேளாண் அமைச்சர் டாம் வில்சாக் ஒரு கணக்கை வெளியே சொன்னார். சுமார் 2,600 கோடி டாலர் கொரோனா விவசாய நிவாரணத்தில் கறுப்பின விவசாயிகளுக்குப் போனது 2 கோடி டாலரைச் சற்றே தாண்டிய தொகை. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கணக்கு வெளியே வந்ததால்தான் விவாதம் ‘யார் ஏமாற்றினார்கள்’ என்பதோடு நிற்காமல் ‘யாருக்குப் போகவே இல்லை’ என்பதற்கு நகர்ந்தது. நம் நாட்டில் அந்த இரண்டாவது கேள்வி இன்னும் கேட்கப்படவில்லை. பெண்கள் பெயரில் எத்தனை தவணை, பட்டியல் சாதியினர் பெயரில் எத்தனை, பட்டா மாறுதலுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்துகொண்டிருப்பதால் விடுபட்டவர் எத்தனை பேர் என்று வட்டார வாரியாக வெளியிட்டால்தான் நிவாரணத்தின் முழு உருவம் தெரியும்.

தனியுரிமை பற்றிய கேள்வியும் வெறும் சாக்கு இல்லை. ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்து விவசாயிகள் சிலர், மானியம் வாங்குவோர் பெயரை இணையத்தில் போடுவது தங்கள் அந்தரங்கத்தில் தலையிடுவது என்று வழக்குத் தொடுத்தார்கள். 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், தனிமனிதர்கள் எல்லாரையும் எந்தப் பாகுபாடும் இல்லாமல் இப்படி வெளியிடும் விதி அளவு மீறியது என்று தீர்ப்பு சொன்னது. அதோடு ஐரோப்பிய ஒன்றியம் பட்டியலை மூடிவிடவில்லை. 2013இல் விதியைத் திருத்தி எழுதியது. பெரிய தொகை வாங்குபவர் பெயர் தொடர்ந்து வெளியாகும். ஆண்டுக்கு 1,250 யூரோ வரை மட்டும் வாங்கும் சிறு விவசாயியின் பெயர் மறைக்கப்படலாம். நம் 6,000 ரூபாயை 2020 நாணய மாற்றில் வைத்தால் ஏறத்தாழ 70 யூரோ. அந்த அளவுகோலில் நம் பயனாளி ஒருவர் பெயர்கூட உலகம் முழுவதும் தெரிய வேண்டியதில்லை.

என் கருத்தும் அதற்கு அருகில்தான். 2,000 ரூபாய் வாங்கியவர் பெயரை டெல்லியில் உட்கார்ந்திருப்பவர் அறிய எந்தத் தேவையும் இல்லை. ஆனால் அவர் ஊர் அறிய வேண்டும். ஊராட்சி அலுவலகச் சுவரில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், எந்தப் புல எண் நிலத்துக்காக, எத்தனை தவணை என்று நான்கு தகவல் போதும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், செல்பேசி எண் இவை எந்தச் சுவரிலும் எந்தத் தளத்திலும் வரக் கூடாது. நடந்தது இதற்கு நேர் எதிர். 2022இல், பி.எம். கிசான் இணையதளத்தின் ஒரு பகுதியில் விவசாயிகளின் ஆதார் எண்கள் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி கிடந்ததை ஒரு கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகே அடைத்தார்கள். எதை மறைக்க வேண்டுமோ அதைத் திறந்துபோட்டு, எதைத் திறக்க வேண்டுமோ அதைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

இப்போது பூட்டு இன்னும் இறுகியிருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் 4ஆம் பிரிவில், மானியத் திட்டங்கள் எப்படி நிறைவேற்றப்படுகின்றன, எவ்வளவு ஒதுக்கீடு, பயனாளிகள் யார் என்பதை ஒவ்வொரு அரசு அலுவலகமும் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று சொல்கிறது. அதே சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு தனிமனிதத் தகவலுக்கு ஓர் அளவான பாதுகாப்புத் தந்தது. பொதுக் காரியத்தோடு சம்பந்தமில்லாத தகவலைத் தர மறுக்கலாம். பொதுநலன் பெரிதென்றால் தந்தே ஆக வேண்டும். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைச் சாதாரணக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நிபந்தனைகளையெல்லாம் எடுத்துவிட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று மாற்றியது. 2025 நவம்பரில் அந்த மாற்றம் நடைமுறைக்கு வந்தது. பொதுநலனைக் கருதித் தகவல் தர 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது, சட்டப்படி வெளியிட வேண்டியவை தொடர்ந்து வெளியாகும் என்பது மத்திய அரசின் விளக்கம். 4ஆம் பிரிவு அப்படியே இருப்பதும் உண்மை. ஆனால் ஒரு வட்டார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர் எதைப் பிடித்துக்கொள்வார் என்று இந்தச் சட்டத்தின் கீழ் ஒருமுறையாவது மனுப் போட்டவர்களுக்குத் தெரியும். மறுக்க ஒரு வரி கிடைத்தால் அவர் மறுப்பார். மேல்முறையீட்டுக்கு ஆண்டுகள் ஆகும். ஒப்புதல் தந்த அலுவலர் யார் என்று கேட்டால் அதுவும் தனிநபர் தகவல் என்றே பதில் வரக்கூடும். அரசுப் பணத்தை அரசுப் பதவியில் இருந்து வழங்குபவரின் கையெழுத்து எப்படி அவருடைய அந்தரங்கம் ஆகும்? தகவல் உரிமைக்கு நாட்டிலேயே முதலில், 1997இல், சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு. இந்தத் திருத்தத்தால் தன் நலத்திட்டப் பட்டியல்கள் பாதிக்கப்படாது என்று தெளிவான அரசாணை ஒன்றைப் போட இந்த மாநிலத்துக்குக் கூடுதல் கடமை இருக்கிறது.

முன்மாதிரிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2020 ஏப்ரலில் அரிசி குடும்ப அட்டைதாரர் எல்லாருக்கும் 1,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகக் கொடுக்கப்பட்டது. 2021இல் அது இரண்டு தவணையாக 4,000 ரூபாய் ஆனது. தகுதி விதி ஒரே வரி: அரிசி அட்டை இருக்கிறதா? இடைத்தரகர் புகுந்து ‘சேர்த்துவிடுகிறேன்’ என்று சொல்ல அதில் இடுக்கே இல்லை. யாருக்கு எவ்வளவு என்பது வரிசையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். விதி சிக்கலாக ஆக ஆக, அதைத் தெரிந்தவருக்குத்தான் அதிகாரம். இடர்க் காலத்தில் அவசரமாகத் தர வேண்டிய பணத்துக்கு எளிய விதியே பொருத்தம். விதிவிலக்குகளும் ஆவணச் சரிபார்ப்பும் நிறைந்த ஒரு நில உதவித் திட்டத்தை எடுத்து நிவாரணத்துக்குப் பயன்படுத்தியது முதல் பிழை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருகைப் பதிவேடு பெயரோடு பொதுவில் வைக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. அதிலும் முறைகேடு நடந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் நடந்தது தெரிந்தது, ஊர்க் கூட்டத்தில் நின்று கேட்டார்கள், சில இடங்களில் பணமும் திரும்பியது. பி.எம். கிசானுக்கு அப்படிச் சட்டப்படி கட்டாயமான தணிக்கை எதுவும் இல்லை. ஆண்டுக்கு 60,000 கோடி ரூபாய் அளவில் நடக்கும் திட்டத்துக்கு!

மோசடிக்குப் பிறகு கட்டுப்பாடுகள் கூடின. ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமானது, நில ஆவணம் இணைக்கப்பட்டது, முகம் காட்டிச் சரிபார்க்கும் செயலியும் வந்தது. இவை தகுதியில்லாதவரைத் தடுத்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவை அனைத்தும் விவசாயி தன்னை நிரூபிக்க வேண்டிய கட்டுப்பாடுகள். கைரேகை தேய்ந்துபோன முதியவர் இ-சேவை மையத்தில் காத்திருக்கிறார். கூட்டுப் பட்டாவில் பெயர் இருப்பவர் உட்பிரிவுக்கு அலைகிறார். ஒப்புதல் தரும் அலுவலர் தன்னை ஊருக்கு நிரூபிக்கும்படியாக ஒரு கட்டுப்பாடும் சேரவில்லை. 2020இல் பாஸ்வேர்டைத் தொலைத்தது விவசாயி இல்லை.

2025 நவம்பர் 19 அன்று கோவையில் பிரதமர் நரேந்திர மோடி இத்திட்டத்தின் 21ஆவது தவணையாக 18,000 கோடி ரூபாயை விடுவித்தார். தகவல் உரிமைச் சட்டத்தின் திருத்தம் நடைமுறைக்கு வந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த ஆண்டு ஜனவரியிலேயே 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பதவிக்காலம் முடிந்து, அவை மீண்டும் தனி அலுவலர்கள் கைக்குப் போயிருந்தன. 2020 கோடையில் கள்ளக்குறிச்சியிலும் விழுப்புரத்திலும் இருந்த அதே வெற்றிடம், இந்த முறை மாநிலத்தின் பெரும்பகுதிக்கு. அடுத்த வெள்ளமோ வறட்சியோ வந்து அவசரமாகப் பணம் தர வேண்டியிருந்தால், பட்டியலைத் தட்டிக்கேட்கும் ஊர்த் தலைவர் அந்த நாளில் இருப்பாரா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களும் இல்லை. 2020 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வட்டார வாரியாக எத்தனை சேர்க்கை, யாருடைய பயனர் பெயரில் ஒப்புதல், அதில் எத்தனை செல்லாதவை, யாரிடமிருந்து எவ்வளவு மீட்கப்பட்டது, அந்த அலுவலர்கள் மீதான நடவடிக்கை எதில் முடிந்தது என்பதை வேளாண் துறை ஒரே அறிக்கையாக வெளியிடலாம். ஏமாற்றப்பட்ட கூலித் தொழிலாளிகளின் பெயர் அதில் தேவையில்லை. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தவணைக்கு முன்பு வரும் சபைக்கு உதவி வேளாண்மை அலுவலர் அந்த ஊரின் பட்டியலை எடுத்துவந்து, சேர்ந்தவர், நீக்கப்பட்டவர், ஒப்புதல் தந்தவர் மூன்றையும் படித்துக் காட்ட வேண்டும். தனி அலுவலர் நடத்தும் சபையானாலும் படிக்க வேண்டும். இதற்கு வேளாண் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் சேர்ந்து ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்பினால் போதும். புதுச் சட்டமோ டெல்லியின் அனுமதியோ தேவையில்லை.